சி.டி. என்றால் யார்?

சுங்கை சிப்புட் பட்டணத்தில் எங்களுக்கு ஒரு சிசி இருந்தது. சைபர் காஃபேயை இங்கே அப்படித்தான் சொல்வோம். கடைவீட்டு மாடி, கறுப்புக் காகிதம் ஒட்டிய சன்னல், இருபது கணினி, ஒரு மணி நேரத்துக்கு 2 வெள்ளி. வீட்டில் கூடுதல் வகுப்பு என்று சொல்லிவிட்டு, பள்ளிச் சட்டைக்கு மேல் வேறு சட்டையை மாட்டிக்கொண்டு படியேறுவோம். 2010, 2011 வாக்கில் அங்கே பாதிப் பேர் டோட்டா ஆடுவார்கள். மீதிப் பேர் கௌண்டர்-ஸ்டிரைக் 1.6. நான் இரண்டாவது கும்பல்.

அந்த ஆட்டம் தொடங்கும்போது ஒரு பட்டியல் வரும். 1-ஐ அழுத்தினால் டெரரிஸ்ட். 2-ஐ அழுத்தினால் கௌண்டர்-டெரரிஸ்ட், சுருக்கமாக சி.டி. எங்களில் எல்லாருக்கும் 2 தான் வேணும். கடைசியாகப் படியேறி வருகிறவன் தலையில் 1 விழும். பக்கம் முடிவானதும் இன்னொரு பட்டியல், எந்தப் படையின் உடுப்பு என்று. சி.டி. பக்கத்தில் மூன்றாவது இருப்பது பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். அந்த வாயுமுகமூடி எனக்குப் பிடிக்கும். எதிர்ப்பக்கத்தில் நாலாவது உடுப்பின் பெயர் கொரில்லா. அதை யாரும் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

2, அப்புறம் 3. விரல் தானாகப் போகும். அந்த இரண்டு எண்களுக்கும் நான் பிறந்து வளர்ந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பத்து வருஷம் ஆகிவிட்டது.

மூன்றாம் படிவ வரலாற்றுப் புத்தகத்தில் எங்கள் ஊர்ப் பெயர் வரும். 1948-ல் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவரைக் கம்யூனிஸ்டுகள் கொன்றார்கள், அவசரகாலம் பிரகடனமானது. பரீட்சைக்கு அவ்வளவு போதும். எங்கள் ஊர் புத்தகத்தில் இருக்கிறது என்ற பெருமையில் அந்த வரியின் கீழே கோடு போட்டு வைத்தேன். கொன்றவர்களுக்குப் புத்தகம் வைத்திருந்த பெயர் 'பெங்கனாஸ் கொமுனிஸ்', கம்யூனிஸ்ட் பயங்கரவாதி. சாயங்காலம் சிசியில் சுட்டவனும் இவனும் ஒரே ஆள்தான் என்று மனசு எடுத்துக்கொண்டது.

நடந்தது இது. 1948 ஜூன் 16, காலை. எல்பில் தோட்டத்துக்குச் சைக்கிளில் வந்த மூன்று பேர் அலுவலகத்தில் நுழைந்து நிர்வாகி ஆர்தர் வாக்கரைச் சுட்டுக் கொன்றார்கள். அதே காலையில் பின் சூன் தோட்டத்தில் ஜான் அலிசனையும் அவருடைய உதவியாளர் இயன் கிறிஸ்டியனையும் கட்டிப்போட்டுச் சுட்டார்கள். கிறிஸ்டியனுக்கு வயது 21. மூவரின் கல்லறையும் பத்து காஜாவில், 'காட்ஸ் லிட்டில் ஏக்கர்' என்ற இடுகாட்டில் இருக்கிறது. ஒவ்வொரு ஜூனிலும் அங்கே நினைவஞ்சலி நடக்கிறது. இரண்டே நாளில், ஜூன் 18-ல், அவசரகாலம் மலாயா முழுக்க வந்தது. 1960 ஜூலை 31 வரை, 12 வருஷம் நீடித்தது.

(அந்த ஜூன் 16 எங்கள் ஊர்க்காரர் துன் சம்பந்தனுக்கு 29-வது பிறந்தநாள். பிற்பாடு ம.இ.கா. தலைவராகி, தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைக் கட்டியவர். பட்டணத்தில் அவர் பெயர்தான் எங்கும் கேட்கும். தேதி ஒன்றாக அமைந்ததை எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.)

பன்னிரண்டு வருஷம் நடந்ததைப் போர் என்று அழைக்கவே இல்லை. போர் என்று சொல்லிவிட்டால் இழப்புக்கு லண்டன் காப்புறுதி நிறுவனங்கள் பணம் தராது, ரப்பர்த் தோட்டமும் ஈயச் சுரங்கமும் நட்டப்படும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். எதிரிக்கும் பெயர் வைக்க வேண்டும் அல்லவா? முதலில் வைத்த பெயர் 'பேண்டிட்', கொள்ளைக்காரன். சில வருஷத்தில் அந்தப் பெயரில் ஒரு சங்கடம் தெரிந்தது. ஜப்பான்காரன் தன்னை எதிர்த்த கொரில்லாக்களை அதே சொல்லால்தான் திட்டியிருந்தான். அவர்களை மக்கள் வீரர்களாகப் பார்த்தார்கள். ஆகவே 1952 மே மாதம் ஓர் உத்தரவு போட்டு அதிகாரப்பூர்வமாகப் பெயரை மாற்றினார்கள். கம்யூனிஸ்ட் டெரரிஸ்ட். ராணுவக் கோப்புகளிலும் செய்தியிலும் அதன் சுருக்கம், சி.டி.

பல்கலைக்கழக விடுதியில் இதைப் படித்த ராத்திரி சிரித்துவிட்டேன். நான் சிறுவயது முழுக்க ஆடிய ஆட்டத்தில் சி.டி. என்றால் பயங்கரவாதியை வேட்டையாடுகிறவன். என் ஊர்க் காட்டில் சி.டி. என்றால் பயங்கரவாதி. அதே இரண்டு எழுத்து. இன்னொன்றும் இருக்கிறது. நான் மாட்டிக்கொண்டு திரிந்த அந்த எஸ்.ஏ.எஸ். உடுப்பு இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் கலைக்கப்பட்ட படையுடையது. 1950-ல் மலாயா காட்டுப் போருக்காக 'மலாயன் ஸ்கவுட்ஸ்' என்று ஒரு படை திரட்டி, 1952-ல் அதை 22 எஸ்.ஏ.எஸ். ஆக்கினார்கள். அந்த வருஷம் பேராக்கின் வடக்கில் பெலும் பள்ளத்தாக்குக் காட்டில் அவர்கள் பாராசூட்டில் குதித்தார்கள். சிசி கணினியில் அந்தப் படை அயல்நாட்டுச் சாகசமாகத் தெரிந்தது. உண்மையில் அதன் மறுபிறப்பு எங்கள் மாநிலத்துக் காட்டோடு கலந்தது.

எதிர்ப்பக்கத்துத் தலைவர் சின் பெங் அதே பேராக்கில் சித்தியவானில் பிறந்தவர். ஜப்பானியருக்கு எதிராகப் பிரிட்டிஷாரோடு சேர்ந்து போரிட்டதற்காக அவருக்கு ஓ.பி.இ. விருது தரப்பட்டது. அப்புறம் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 1952-ல் அவரை உயிரோடு பிடித்துக் கொடுத்தால் 250,000 வெள்ளி என்று அறிவித்தார்கள். சுங்கை சிப்புட் கொலைகளுக்கு மத்தியக் குழு உத்தரவு போடவில்லை என்று அவர் பின்னாளில் எழுதினார். போடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 21 வயதுப் பையனைக் கட்டிவைத்துச் சுட்டது சுட்டதுதான். நான் அதற்கு வக்காலத்து வாங்க வரவில்லை. என் கேள்வி, பெயரை யார் வைத்தார்கள், எப்போது மாற்றினார்கள் என்பது.

சரி, அந்த வரைபடத்தில் நாம் எங்கே இருந்தோம்?

கௌண்டர்-ஸ்டிரைக்கில் 'டஸ்ட் 2' என்று ஒரு வரைபடம், ஆடாதவனுக்கும் பெயர் தெரிந்திருக்கும். மணல் நிறச் சுவர், கதவு, பெட்டிகள். வீடு இருக்கும், வீட்டில் ஆள் இருக்காது. சட்டி பானை கிடையாது. துணி காயாது. பத்துப் பேர் சுட்டுக்கொள்ள ஒரு ஊரையே காலி செய்து வைத்திருப்பார்கள். 1948-ல் எங்கள் சுற்றுவட்டாரத் தோட்டங்கள் அப்படிக் காலியாக இல்லை. லயங்களில் குடும்பம் குடும்பமாகத் தமிழர்கள் இருந்தார்கள். விடியற்காலை பெரட்டுக்கு நின்று, உளியும் வாளியும் எடுத்துக்கொண்டு நிரைக்குப் போனார்கள்.

என் பாட்டி அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி. அவசரகாலத்தைப் பற்றி அவர் நினைவில் வைத்திருந்தது சாப்பாடு மட்டும்தான். காட்டில் இருப்பவர்களுக்கு உணவு போகக்கூடாது என்பது அரசின் கணக்கு. ஆகவே அரிசி அளந்துதான் கிடைக்கும். டின்னில் அடைத்த சாமான் வாங்கினால் கடைக்காரன் அங்கேயே ஓட்டை போட்டுத் தருவான், சேர்த்து வைக்க முடியாது. லயத்தைச் சுற்றி முள்கம்பி. வாசலில் சோதனை.

"எங்கம்மா வெறும் வயித்தோட பால் வெட்டப் போவும். சோத்துப் பொட்டலம் கொண்டு போனா யாருக்குன்னு கேப்பான். திரும்பி வந்துதான் கஞ்சி" என்பார்.

"நாம எந்தப் பக்கம் பாட்டி?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"பக்கமா? ராத்திரி அவன் வந்து அரிசி கேட்டா குடுக்கணும். காலையில இவன் வந்து ஏன் குடுத்தேன்னு கேட்டா பதில் சொல்லணும். இதுல எந்தப் பக்கம்னு நீயே சொல்லு."

நம் பையில் இருக்கும் அடையாள அட்டைகூட அப்போது வந்ததுதான். 1948-ல் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் படம் எடுத்து, கைரேகை வைத்து, அட்டை வாங்க வேண்டும் என்று விதி வந்தது. கம்யூனிஸ்டுகள் அந்த அட்டையைப் பிடுங்கிக் கிழித்தார்கள். அட்டை இல்லாதவனைப் போலீஸ் பிடித்தது. 1950-ல் பிரிக்ஸ் திட்டம் வந்தபோது காட்டோரத்தில் குடியிருந்த ஏறத்தாழ 5 லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, 400-க்கும் மேற்பட்ட புதுக்கிராமங்களுக்குப் பெயர்த்தார்கள். தோட்டத் தொழிலாளர்களின் குடியிருப்புகளையும் ஒன்றுசேர்த்து வேலி போட்டார்கள். கடைசிக் கணக்கில் 6,700 பேர் வரை கொரில்லாக்கள் இறந்ததாக வருகிறது. பொதுமக்கள் 2,400-க்கு மேல்.

பக்கம் எடுத்த தமிழர்களும் உண்டு. தஞ்சைப் பக்கத்தில் பிறந்து இங்கே வந்த எஸ். ஏ. கணபதி, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். எங்கள் ஊர்க் கொலைகளுக்குச் சில நாள் முன்புதான் சட்டத்தைத் திருத்தி அந்தச் சம்மேளனத்தின் பதிவை ரத்து செய்திருந்தார்கள். 1949 மார்ச்சில் துப்பாக்கி வைத்திருந்ததாகக் கைதானார். அவசரகால விதிப்படி அதற்குத் தூக்கு. இந்திய அரசு கருணை காட்டச் சொல்லிக் கேட்டும் நடக்கவில்லை. 1949 மே 4-ல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அவருக்கு அடுத்து நின்ற பி. வீரசேனன் முந்தின நாளே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். எனக்குப் பள்ளியில் இந்த இரண்டு பெயர்களும் வரவே இல்லை. கூலி உயர்வு கேட்ட சங்கத் தலைவரும் சைக்கிளில் வந்து சுட்டவரும் ஒரே பட்டியலில், ஒரே எண்ணில் போய் விழுந்தார்கள். பாட்டிக்கு எந்த எண்ணும் இல்லை.

பொறியியல் படித்தவன் என்பதால் எனக்கு இதை இப்படித்தான் யோசிக்க வருகிறது. நிரலில் ஒரு மாறிக்கு இரண்டே மதிப்பு என்று முதலிலேயே எழுதிவிட்டால், மூன்றாவதாக வரும் எதையும் அந்த நிரலால் பார்க்க முடியாது. பிழைச்செய்திகூட வராது.

இந்த வேலையை ஆட்டங்கள் தெரிந்தே செய்கின்றன. 2002-ல் அமெரிக்க ராணுவம் சொந்தச் செலவில் 'அமெரிக்காஸ் ஆர்மி' என்ற ஆட்டத்தை இலவசமாக வெளியிட்டது, ஆள் சேர்க்கத்தான். 20 வருஷம் ஓடியது. அதில் ஒரு தந்திரம். இரண்டு அணி மோதும்போது, இரண்டு அணியுமே தன்னை அமெரிக்கச் சிப்பாயாகத்தான் பார்க்கும். எதிரே வருகிறவன் மட்டும் எதிரி உடுப்பில் தெரிவான். அவன் திரையில் அவன் அமெரிக்கச் சிப்பாய், நீங்கள் எதிரி. அதாவது 1 என்ற பொத்தானை யாரும் அழுத்தவே வேண்டாம். உலக அரசியலைப் பற்றி இதைவிட நேர்மையான ஒன்றை எந்த ஆட்டமும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன், அவர்கள் அப்படி நினைத்துச் செய்யவில்லை என்றாலும்.

2019-ல் வந்த 'கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர்' ஆட்டத்தில் 'மரண நெடுஞ்சாலை' என்று ஓர் இடம் வரும். ரஷ்யர்கள் குண்டு போட்டு அழித்த சாலை என்று கதை. அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு சாலை உண்டு. 1991 பிப்ரவரியில் குவைத்திலிருந்து பின்வாங்கிய ஈராக்கியர்கள் மேல் அமெரிக்கத் தலைமையிலான விமானங்கள் குண்டு போட்ட சாலை அது. பெயரை வைத்துக்கொண்டு ஆளை மட்டும் மாற்றிவிட்டார்கள். அந்த ஆட்டத்தை ஆடிவிட்டு வளரும் பையனுக்கு, நான் பாடப்புத்தகத்தில் கோடு போட்டது மாதிரி, அது மனசில் தங்கிவிடும்.

எண்ணைத் திருப்பிப் போட்ட ஆட்டமும் வந்தது. நிடால் நிஜ்ம் என்ற பிரேசில்வாழ் பாலஸ்தீனர் உருவாக்கிய 'ஃபுர்சான் அல்-அக்ஸா'வில் ஆடுகிறவன் பாலஸ்தீனப் போராளி, சுடப்படுகிறவன் இஸ்ரேலியச் சிப்பாய். 2024-ல், அக்டோபர் 7 தாக்குதலை ஒட்டிய காட்சிகள் அதில் சேர்ந்த பிறகு, பிரிட்டனின் பயங்கரவாத எதிர்ப்புப் போலீஸ் கேட்டதன் பேரில் ஸ்டீம் அதை அந்த நாட்டில் மட்டும் நிறுத்தியது. என் கருத்தைக் கேட்டால், எனக்கு அந்த ஆட்டமும் வேண்டாம். அதிலும் பாட்டி இல்லை. ஆனால் ஒரு ராணுவம் ஆள் சேர்க்க விட்ட ஆட்டம் 20 வருஷம் ஓடியது என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

பாட்டி இருக்கும் ஆட்டம் என்று எனக்குத் தெரிந்தது 2014-ல் போலந்துக்காரர்கள் செய்த 'திஸ் வார் ஆஃப் மைன்'. முற்றுகையில் சிக்கிய ஒரு நகரம், சராயேவோவை நினைத்துச் செய்தது. ஆடுகிறவன் சிப்பாய் கிடையாது. இடிந்த வீட்டில் ஒளிந்திருக்கும் சாதாரண ஆட்கள், ராத்திரி வெளியே போய் உணவும் மருந்தும் தேட வேண்டும். ஒரு ராத்திரி நான் ஒரு வயசான தம்பதியின் வீட்டிலிருந்து சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். அவர்கள் தடுக்கவில்லை. அப்புறம் என் ஆள் மனசொடிந்து எழுந்திருக்க மாட்டேன் என்று படுத்துவிட்டான். நான் கணினியை அணைத்துவிட்டு ஓட்டை போட்ட டின்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். போலந்து அரசு அந்த ஆட்டத்தை 2020-ல் பள்ளி மாணவர்களுக்கான பட்டியலில் சேர்த்தது.

இதெல்லாம் பழைய கதை, ஆட்டக் கதை என்று விட்டுவிடலாம். எனக்கு விட முடியாமல் போனது 2019-ல்.

அவசரகாலம் முடிந்த மறுநாள், 1960 ஆகஸ்டு 1-ல், விசாரணை இல்லாமல் அடைத்து வைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2012-ல் அதை எடுத்துவிட்டு சொஸ்மாவைக் கொண்டுவந்தார்கள். நடுவில் 2011-ல், எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜும் அவருடைய கட்சித் தோழர்கள் ஐவரும், 1969-ல் போட்ட இன்னொரு அவசரகாலச் சட்டத்தின் கீழ் ஒரு மாதம் போல அடைபட்டிருந்தார்கள். கம்யூனிசத்தை உயிர்ப்பிக்கப் பார்த்தார்கள், மாமன்னருக்கு எதிராகப் போர் தொடுக்கப் பார்த்தார்கள் என்று குற்றச்சாட்டு. அகப்பட்ட ஆதாரங்களில் ஒன்று சின் பெங் படம் போட்ட டீ-சட்டை. எனக்கு அப்போது பதினான்கு வயது. மேலே சிசியில் 2, 3 அழுத்திக்கொண்டிருந்தேன். கீழே சாப்பாட்டுக் கடையில் பெரியவர்கள் பேசியது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

2019 அக்டோபரில் சொஸ்மா சட்டத்தில் 12 பேரைக் கைது செய்தார்கள். எல்லாரும் தமிழர்கள். இருவர் சட்டமன்ற உறுப்பினர்கள். விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்றார்கள். போர் முடிந்து பத்து வருஷம் ஆன ஓர் இயக்கம். சிலர் மேல் இருந்த குற்றம் கைப்பேசியில், முகநூலில் படங்கள் வைத்திருந்தது. விடுதி அறையில் செய்தியைப் படித்துவிட்டு என் கைப்பேசியைத் திறந்தேன். இறுதிப் போரின் படங்கள் இருந்தன. தலைவர் படம் இரண்டு இருந்தது. யாரோ அனுப்பியது, நானும் வைத்திருந்தது. பப்ஜியில் எங்கள் அணிக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ஒரு மாதிரியான பெயர். அன்றைக்கு ராத்திரியே எல்லாவற்றையும் அழித்தேன், பெயரையும் மாற்றினோம். அறையில் யாரும் எதுவும் பேசவில்லை.

புலிகள் பொதுமக்களைக் கொன்றதும், எதிர்த்துப் பேசிய தமிழர்களைக் கொன்றதும் எனக்குத் தெரியும். அதைப் பற்றி நண்பர்களோடு விடிய விடியச் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் படத்தை அழித்தபோது அந்த விவாதம் எதுவும் எனக்கு உதவவில்லை. வாழ்நாள் முழுக்க 2-ஐ அழுத்தியவனை யாரோ 5-ஐ அழுத்தி மறுபக்கம் தள்ளிவிட்டால் எப்படி இருக்கும்? அந்த ஆட்டத்தில் 5 அதற்குத்தான், கணினியே பக்கம் தேர்ந்துகொள்ளும். 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் பன்னிரண்டு பேர் மேலிருந்த வழக்குகளையும் மீட்டுக்கொண்டார். நான் அழித்த படங்களைத் திரும்ப எடுக்கவில்லை.

இப்போது உலகச் செய்தி படிக்கும்போது நான் பெயர்ப்பலகை மாறுவதைத்தான் கவனிக்கிறேன். சிரியாவின் அகமது அல்-ஷராவுக்கு அமெரிக்கா 1 கோடி டாலர் விலை வைத்திருந்தது. 2024 டிசம்பரில் அவர் டமாஸ்கஸைப் பிடித்ததும் அந்த விலையை எடுத்தார்கள். 2025 நவம்பரில் பயங்கரவாதிகள் பட்டியலிலிருந்து பெயரை நீக்கினார்கள், சில நாளில் அவர் வெள்ளை மாளிகையில் உட்கார்ந்திருந்தார். சின் பெங் பதக்கத்திலிருந்து தலைக்கு விலை வரை போனார், இவர் அதே சாலையில் எதிர்த்திசையில் வந்தார். அதே 2025 ஜூலையில் பிரிட்டன் 'பாலஸ்தீன் ஆக்‌ஷன்' என்ற எதிர்ப்பு அமைப்பைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. அதை ஆதரித்து அட்டை பிடித்து உட்கார்ந்த வயசானவர்களைக்கூட லண்டனில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இதனால் பயங்கரவாதம் என்று ஒன்றே இல்லை என்று ஆகிவிடாது. கட்டிப்போட்டுச் சுட்டதற்கும் பேருந்தில் குண்டு வைத்ததற்கும் பெயர் வேண்டும். செயலுக்கு அந்தப் பெயரை வைக்கலாம், யார் செய்தாலும் வைக்கலாம். 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஆயுதமில்லாத 24 பேரைச் சுட்டதற்கும் சேர்த்து. ஆளுக்குப் பெயரை ஒட்டிவிட்டு, அப்புறம் அவன் செய்ததைத் தேடுவதுதான் எங்கள் ஊரில் தொடங்கிய பழக்கம்.

சிசி மூடிப் பல வருஷமாகிறது. அந்த மாடியில் இப்போது கைப்பேசிப் பாகங்கள் விற்கிறார்கள். எல்பில் என்ற பெயரைத் தமிழ்ப்பள்ளி ஒன்று இன்னும் தாங்கிக்கொண்டிருக்கிறது. அக்கா மகனுக்குப் போன மாதம் 12 வயது முடிந்தது. அடையாள அட்டை எடுக்க நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். எண் வரும் வரை வரிசையில் உட்கார்ந்து கைப்பேசியில் சுட்டுக்கொண்டிருந்தான்.

"மாமா, இதை எதுக்கு எடுக்கணும்?"

"1948-ல ஆரம்பிச்சாங்க. ஊர்ல எவன் எந்தப் பக்கம்னு தெரியணுமாம்."

"தெரிஞ்சுதா?"

அவன் எண்ணைக் கூப்பிட்டார்கள். கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கட்டைவிரலை வைக்கப் போனான். திரையில் ஆட்டம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. நான் தொடவில்லை.